கொள்ளையரும் ரத்தினபாயின் அடுப்பும்

ரத்தினபாய் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுத்தால், அடுத்த பீரியட் கணக்கு எடுக்க வேண்டிய எனக்கு ஒரே எரிச்சல். மணி அடித்தாலும் வெளியே வர மாட்டாள். நான் சாக்பீஸ் பெட்டியோடு வாசலில் நிற்பேன். உள்ளே பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். என் வகுப்பில் ஒருநாளும் அப்படி வாயைப் பிளந்ததில்லை, கொட்டாவி விட்டபோது தவிர.

பாடப்புத்தகத்தில் ஐரோப்பியர் வருகை என்று ஒரு பாடம். போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், கோட்டை கட்டினார்கள், அதோடு முடிந்தது. ரத்னா அதற்குள் கடல்கொள்ளையரை ஏற்றிவிடுவாள். அந்தக் காலத்துக் கொள்ளைக் கப்பலில் தலைவனை ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்களாம். பிடிக்காவிட்டால் ஓட்டுப் போட்டே இறக்கினார்களாம். சண்டையில் கை போனால் என்ன ஈடு, கால் போனால் என்ன ஈடு என்று முன்கூட்டியே பேசிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்களாம். ஒரு கப்பலில் வாத்தியக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சட்டமே இருந்ததாம்.

"ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லி நமக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. நாம கொள்ளைக்காரியா போயிருக்கலாம், வல்லி" என்பாள்.

"கொலைகாரப் பாவிகளை இப்படித் தூக்கி வெச்சுப் பேசறியே" என்று நான் கேட்டால் அவளுக்குக் கோபம் வரும். "நான் தூக்கி வெக்கல. கொலைகாரங்கதான். ஆனா முதல்ல அவங்க யாரு? கம்பெனிக் கப்பல்ல சவுக்கடி வாங்கி, புழுத்த ரொட்டி தின்னு, சம்பளம் கிடைக்காம ஓடிப்போனவங்க. அதைச் சொல்லாம கோட்டை கட்டினதை மட்டும் சொல்லித்தர எனக்கு வராது." இதுதான் ரத்தினபாய். எதையும் அரைகுறையாக விடமாட்டாள். தாம்பரத்தில் எத்தனையோ டீச்சர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று கோயிலில் சூடம் அடித்துச் சொல்லுவேன்.

அவளுக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் அவள் வீட்டுக்காரர். வேதசிரோமணி அண்ணன் சரக்குக் கப்பலில் தலைமைச் சமையல்காரர். கல்யாணமான புதிதில் ரத்னா அவரிடம், "இப்பவும் கடல்கொள்ளைக்காரங்க இருக்காங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டாளாம். "இருக்காங்களே. ஒத்தைக் கண்ணும் மரக்காலும் கிடையாது. அரை டிராயர் போட்டு, வெறுங்காலோட, பாத்தா மீன்காரங்க மாதிரி இருப்பாங்க. மூங்கில்ல கொக்கி கட்டி ஏறுவாங்க" என்றாராம். ஒருமுறை மலாக்கா ஜலசந்தியில் அவர் கப்பலில் ஏறியவர்கள் பெயின்ட் டப்பாவையும் கயிற்றுச் சுருளையும் கேப்டனின் சவரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ரத்னா சிரிக்கவில்லை. கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் புத்தகமாகப் படிக்க ஆரம்பித்தாள். புருஷன் போகிற பாதையில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா என்பது அவள் நியாயம்.

அண்ணனைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். யாரைப் பார்த்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது "சாப்ட்டியா?" என்பதுதான். எல்லாரும் கேட்பதுதான், ஆனால் மற்றவர்கள் பேச்சுக்குக் கேட்பார்கள், இவர் பதிலுக்குக் காத்திருப்பார். கரண்ட்டைப் பிடுங்க வந்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தோசை போட்டவர். ஒருமுறை அவர் லீவில் வந்திருந்தபோது, கிளியம்மாள் அக்காவின் தோப்பில் தேங்காய் திருடியவனைப் பிடித்து லைட் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். அவர்கள் குடியிருந்த இரும்புலியூரே சுற்றி நின்று ஆளுக்கொரு அடி போட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவனிடம், "சாப்ட்டியாப்பா?" என்றார்.

கிளியம்மாள் அக்காவுக்கு வந்ததே கோபம். "இன்னாபா நீ? என் தேங்காவ அறுத்துகினு போறான், அவனாண்ட போயி சாப்ட்டியான்னு கேக்குற? வாழ எல போட்டு விருந்து வெக்கட்டுமா?"

கிளியம்மாள் அந்த ஊர்ப் பழைய குடும்பம். ரத்னா குடியிருந்தது அவர் கட்டி வாடகைக்கு விட்ட வரிசை வீடுகளில் ஒன்றில். வயலெல்லாம் பிளாட் ஆனபிறகு மிஞ்சியது அந்தத் தோப்புதான். அவர் வீட்டு டெலிபோன்தான் தெருவுக்கே டெலிபோன். அண்ணன் ஏதாவது துறைமுகத்திலிருந்து கூப்பிட்டால் அக்கா வாசலில் நின்று, "டீச்சரே! கப்பலு!" என்று கத்துவார்.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஆகஸ்டில் ஒருநாள் அக்கா அப்படிக் கத்தவில்லை. தானே நடந்து வந்து, "ஆபீஸ்லேந்து போனு. நீ வந்து பேசு" என்றாராம். பாரிமுனையில் இருந்த ஏஜென்ட் ஆபீஸிலிருந்து தயாளன் என்ற குமாஸ்தா பேசினார். சர்க்கரை மூட்டை ஏற்றிக்கொண்டு போன அண்ணனின் கப்பலிலிருந்து தகவல் வரவில்லை. தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நானும் அவளோடு எலெக்ட்ரிக் ரயிலில் பீச் ஸ்டேஷன் போனேன். தயாளன் நல்ல மனுஷன். தூங்காத கண். ரத்னா அழுவாள் என்று தண்ணீர் எடுத்துவைத்திருந்தார். அவளோ கேள்விமேல் கேள்வி கேட்டாள். கப்பல் எத்தனை வருஷப் பழசு, கடைசியாக எந்த இடம், காற்று எப்படி, சரக்கைச் சுலபமாக விற்க முடியுமா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது புயல் இல்ல, சார். கொள்ளை" என்றாள்.

திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவள் பேசியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அந்தக் காலத்துல சரக்கை எடுத்துக்கிட்டு, பிடிச்ச கப்பலைப் பெரும்பாலும் விட்டுடுவாங்க, வல்லி. ஆளுங்களையும் விட்டுடுவாங்க. கப்பல்காரன் எதிர்க்காம சரணடைஞ்சா உயிர் பொழைக்கும்னு பேர் பரவினாத்தானே அடுத்த கப்பல் சண்டை போடாம நிக்கும்? இப்ப அப்படி இல்ல. இவங்களுக்குக் கப்பலே வேணும். பேரை அழிச்சு வேற பேர் எழுதி, வேற கொடி கட்டி, சரக்கோட வித்துடுவாங்க. ஆளுங்கதான் இவங்களுக்கு இடைஞ்சல்." அதுவரை படித்த அத்தனை புத்தகமும் அவளுக்கு எதிராகத் திரும்பி நின்றது. சைதாப்பேட்டை தாண்டும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சருக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

கொஞ்ச நாளில் இரண்டாவது போன் வந்தது. கடலில் மிதந்த ரப்பர் படகிலிருந்து மாலுமிகளை மீனவர்கள் காப்பாற்றிவிட்டார்கள். கேப்டன், இன்ஜினியர், மற்ற எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். சமையல்காரர் மட்டும் இல்லை. முகமூடி போட்ட கொள்ளைக்காரர்கள் மாலுமிகளைப் படகில் இறக்கும்போது வேதசிரோமணியைத் தனியாகப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்களாம். அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

தனியாக இழுத்துப் போனார்கள் என்றால் என்ன அர்த்தம்? தெரு முழுக்க ஒரே அர்த்தம்தான் எடுத்துக்கொண்டது. உண்மையைச் சொன்னால் நானும் அதையேதான் நினைத்தேன். ஊரப்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து நான் அடித்துப்பிடித்து ஓடிவந்தபோது கிளியம்மாள் அக்கா பெரிய குண்டானில் சோறும் இன்னொன்றில் குழம்பும் தூக்கிக்கொண்டு ரத்னா வீட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு பத்துப் பெண்கள், எல்லார் கையிலும் முந்தானை. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுபோக வேண்டும். இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் எங்கள் பக்கம் இதில் வித்தியாசம் கிடையாது.

உள்ளே போனால் ரசம் கொதிக்கிற வாசனை. ரத்னா அடுப்பில் இருந்தாள். கடுகு தாளித்துக் கொட்டிவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"இன்னாடி இது? அடுப்ப மூட்டிகினு நிக்கிற?" என்றார் கிளியம்மாள்.

"சாவு வீட்டுலதானே அக்கா அடுப்பு எரியக் கூடாது? இது சாவு வீடு இல்ல. சோத்தை எடுத்துட்டுப் போங்க."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒருத்தி முணுமுணுத்தாள். கிளியம்மாள் குண்டானைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்று என்னிடம், "நீ படிச்சவதானே, சொல்லு அவகிட்ட" என்று அழுதார்.

மாலையில் சபை பாஸ்டர் வந்தார். வயதானவர், மெதுவாகப் பேசுபவர். நினைவு ஆராதனை எப்போது வைக்கலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ரத்னா அவருக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, பாடம் எடுத்தாள்.

"ஐயா, அந்தக் காலத்துல கொள்ளைக்காரங்க ஒரு கப்பலைப் பிடிச்சா எல்லாரையும் விட்டாலும் சிலரை விடமாட்டாங்க. தச்சன், வைத்தியன், வாத்தியக்காரன். தொழில் தெரிஞ்சவனைக் கட்டாயமா வெச்சுக்குவாங்க."

"சமையல்காரனையுமா?" என்றேன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"புத்தகத்துல இல்ல, வல்லி" என்று ஒப்புக்கொண்டாள். "ஆனா பசி இருக்கே. கொல்றதா இருந்தா எல்லாரையும் கொன்னிருப்பாங்க. எல்லாரையும் படகுல விட்டுட்டு ஒருத்தரை மட்டும் உள்ளே இழுக்கிறாங்கன்னா அவர் அவங்களுக்குத் தேவைன்னு அர்த்தம். இவர் என்ன பண்ணியிருப்பார்னு எனக்குத் தெரியும். கழுத்துல கத்தி வெச்சவனைப் பாத்து சாப்ட்டியான்னு கேட்டிருப்பார்."

"அது முந்நூறு வருஷத்துக்கு முந்தின கதைடி" என்றேன்.

"முந்நூறு வருஷத்துல ஓட்டு போச்சு, பங்கு போச்சு, சட்டதிட்டம் போச்சு. வயிறு போகலையே."

பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டு எழுந்தார். நினைவு ஆராதனை பற்றி மறுபடி பேசவில்லை. அதற்காக அவரை நான் இன்றும் மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு ரத்னா நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். ஒருநாள் பள்ளிக்கூடம் தவறவில்லை. கலர்ப் புடவையில் வந்தாள். "பூ வெச்சுகினு போறா பாரு" என்று பேசிய வாய்களை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் ஒருத்தியைப் பிடித்துக் கிழிகிழி என்று கிழித்தேன். வேளைக்கு வேளை அடுப்பு மூட்டினாள். சாப்பிட்டாளா என்பது வேறு விஷயம். பாதி நாள் அந்தச் சாப்பாடு என் டிபன் பாக்ஸுக்குத்தான் வந்தது.

ஐப்பசி மழையில் ஜி.எஸ்.டி. ரோடு குளமாக நின்ற ஒருநாள், ஸ்டாப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "பெருங்காயம்" என்றாள்.

"தூக்கலா இருக்கா?"

"தீர்ந்திருக்கும். ஜூன்ல போறப்ப ஒரு டப்பா எடுத்துட்டுப் போனார். இந்நேரம் தீர்ந்திருக்கும். வல்லி, அவங்க கப்பல் பேரை மாத்தலாம், பெயின்ட் அடிக்கலாம், கேப்டனுக்குப் புதுப் பேர் வெக்கலாம். இவர் பெருங்காயம் இல்லாம ரசம் வெக்க மாட்டார். புளியும் மிளகும் அந்தப் பக்கத்துக் கடையிலெல்லாம் கிடைக்கும். பெருங்காயம் அங்கே யாரும் தொடமாட்டாங்க. எந்தக் கப்பலாவது அதைக் கேட்டா..."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் அவள் அதற்குள் குடையை எடுத்துவிட்டாள்.

பாரிமுனையில் தயாளனும் அப்படித்தான் விழித்தார். "மேடம், பெருங்காயத்தை வெச்சுக் கப்பல் தேடச் சொல்றீங்களா?"

"ஆமா சார். துறைமுகத்துல கப்பல்களுக்கு மளிகை குடுக்கிறவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்கதானே? இந்தியர் யாருமே இல்லைன்னு சொல்ற கப்பல்லேந்து பெருங்காயம் கேட்டு ஆர்டர் வந்தா சொல்லுங்கன்னு ஒரு வரி பேக்ஸ். கடலெல்லாம் தேடியாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? கடையில தேடலையே."

தயாளன் தலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய் பேக்ஸ் மிஷின் முன் நின்றார். மேலதிகாரியைக் கேட்கவில்லை. தெரிந்த துறைமுகத்துக்கெல்லாம் அனுப்பினார்.

கிறிஸ்துமஸ் வந்தது, போனது. ரத்னா சபையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து எல்லாப் பாட்டும் பாடினாள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் ஆள் பாதியாகிவிட்டாள். அடுப்பின் முன் நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள் என்னிடம், "நான் தப்பா இருந்தா அவருக்கு ஒரு ஜெபம்கூட நடக்கலையே, வல்லி" என்றாள். அந்த ஒருநாள்தான். மறுநாள் மறுபடி ரசம் கொதித்தது.

ஜனவரியில் பொங்கலுக்கு முன் ஒரு மத்தியானம், கிளியம்மாள் அக்கா இரும்புலியூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து வராந்தாவில் நின்று, பிள்ளைகள் படிக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் கத்தினார். "டீச்சரே! கப்பலு!"

தூரத்துத் துறைமுகம் ஒன்றில், வேறு பெயரும் வேறு கொடியுமாக ஒரு பழைய கப்பல் சாமான் கேட்டிருந்தது. அரிசி, கோழி, வெங்காயத்தோடு பெருங்காயமும். மளிகைக்காரர் பேக்ஸை நினைவு வைத்திருந்தார். கடலோரக் காவல்காரர்கள் போய் ஏறியபோது சமையலறையில் ஒருவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம்.

அண்ணன் வீடு வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை காலை. நான் முதல் ரயிலிலேயே போய்விட்டேன். இளைத்து, கறுத்து, தாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரத்னா எதிரே தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெரு ஜனம் வாசலை அடைத்து நின்றது.

"முதல் நாள் ஒருத்தன் கத்தியைக் கழுத்துல வெச்சான்" என்றார். "இருமிட்டே இருந்தான். உதடெல்லாம் காய்ஞ்சிருந்தது. வாய் தவறிக் கேட்டுட்டேன், சாப்ட்டியான்னு. அவங்க பாஷையில அந்த வார்த்தை எனக்குத் தெரியும், துறைமுகத்துல கத்துக்கிட்டதுதான். அவன் அப்படியே பாத்தான். அதான் தப்பாப் போச்சு. எல்லாரையும் இறக்கறப்ப என்னை மட்டும் இழுத்துட்டான். கேட்காம இருந்திருந்தா அவங்களோட அன்னிக்கே வந்திருப்பேன்."

"ஓட்டுப் போட்டாங்களா?" என்றாள் ரத்னா. இவ்வளவு நாள் கழித்து வந்த புருஷனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

அண்ணன் சிரித்தார். "ஓட்டா? உன் புத்தகத்துக் கொள்ளைக்காரங்க முதலாளிங்க, ரத்னா. இவங்க தினக்கூலி. எங்கே போகணும்னு ரேடியோவுல எவனோ சொல்றான். அவன் பேரு இவங்க யாருக்கும் தெரியாது. கப்பல் என்ன விலைக்குப் போகும்னு தெரியாது. கை போனாலும் கால் போனாலும் கேக்க நாதி கிடையாது. மீன் பிடிச்சவங்க, மீன் இல்லாமப் போச்சு. ராத்திரி பயந்துகிட்டே தூங்குவாங்க. கத்தி எடுத்தா அவங்களும் கொடூரமானவங்கதான். அதை நான் மறக்கல. ஆனா ரசத்தை ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிக் குடிப்பாங்க."

"பெருங்காயம் எழுதினீங்களே, யாராவது கண்டுபிடிக்கட்டும்னா?" என்று நான் கேட்டேன்.

"சத்தியமா இல்லம்மா. தீர்ந்துபோச்சு, எழுதினேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ரத்னாவும் சிரித்தாள். பேசிப் பேசி உச்சிவேளை ஆகிவிட்டது. கிளியம்மாள் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், நேராகச் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"இன்னாடி ரத்னா? அடுப்பு சில்லுனு கீது! ஆம்பள வந்த அன்னிக்கி ஒல வெக்கலயா நீ?"

ரத்னா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. "கை ஓடலக்கா" என்றாள். "இத்தனை நாள் மூட்டினேன். இன்னிக்கு என்னால முடியல." அப்படியே கிளியம்மாளின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஆகஸ்டிலிருந்து அழாத அழுகை. நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

"அழு, நல்லா அழு" என்று அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார் கிளியம்மாள். பிறகு மெதுவாகக் காலை விடுவித்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது தலையில் அதே பெரிய குண்டான் இருந்தது. ஆவி பறந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து அதை இறக்கிவைக்கக் கை கொடுத்தார்.

"அக்கா, நீங்க சாப்ட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்லப்பா" என்று கிளியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ரத்னா எழுந்துபோய் எல்லாருக்கும் தட்டு எடுத்து வந்தாள்.